பாட்டி ஊருக்கு ஆடும் பேரன்கள்

2017 நவம்பர் 11. நியூசிலாந்தின் ஹாமில்டன் மைதானம். ரக்பி லீக் உலகக் கோப்பை ஆட்டம் தொடங்கும் முன் நியூசிலாந்து வீரர்கள் ‘ஹாக்கா’ நடனத்தில் இறங்கினார்கள். அது முடியும்வரை எதிரணி நின்று பார்ப்பதுதான் வழக்கம். டோங்கா அணிக்குப் பொறுமையில்லை. ஹாக்கா முடிவதற்குள் தங்கள் ‘சிபி டௌ’ போர் நடனத்தை எடுத்துவிட்டார்கள். ஒரு லட்சம் பேர் மட்டுமே வாழும் தீவு நாடு அது. இடைவேளையில் 16-2 எனப் பின்தங்கியிருந்த அந்த அணி, கடைசியில் 28-22 என ஜெயித்தது. டேவிட் ஃபுசிடுவா மட்டும் மூன்று முறை பந்தை எதிரணிக் கோட்டைத் தாண்டி வைத்து ‘ட்ரை’ அடித்தார்.

ஜெயித்த அணியின் பெரிய நட்சத்திரம் ஜேசன் டவ்மலோலோ, தோற்ற நாட்டில், ஆக்லாந்தில் பிறந்தவர். அந்த ஆண்டுவரை நியூசிலாந்துக்கு ஆடியவர். போட்டி நெருங்கிய நேரத்தில் டோங்காவுக்குத்தான் ஆடுவேன் என்று சொல்லிவிட்டார். ஆண்ட்ரூ ஃபிஃபிடாவோ ஆஸ்திரேலிய அணியில் பெயர் வந்த பிறகு அங்கிருந்து விலகி டோங்கா பக்கம் வந்தார்.

விதி இதற்கு இடம் கொடுக்கிறது. பிறந்த நாட்டுக்கு ஆடலாம். அப்பாவோ அம்மாவோ பிறந்த நாட்டுக்கு ஆடலாம். தாத்தாவோ பாட்டியோ பிறந்த நாட்டுக்கும் ஆடலாம். பல ஆண்டுகள் குடியிருந்த நாட்டுக்கும் உரிமை உண்டு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, இங்கிலாந்து ஆகிய மூன்று பெரிய நாடுகளில் இரண்டுக்கு ஆடத்தான் தடை. பெரியது ஒன்று, சிறியது ஒன்று என்றால் மாறி மாறி ஆடலாம். 2008-ல் ஃபிஜிக்கு ஆடிய ஜாரிட் ஹெய்ன், பிறகு ஆஸ்திரேலியாவுக்கு ஆடி, 2017-ல் மறுபடி ஃபிஜிக்கே வந்தார். இத்தாலிக்கு ஆடிய ஜேம்ஸ் டெடெஸ்கோ, 2022-ல் ஆஸ்திரேலியாவின் கேப்டனாகக் கோப்பையைத் தூக்கினார்.

‘சட்டை மாற்றுவதுபோல் நாடு மாற்றுகிறார்கள்’ என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. ஆனால் பாட்டி ஏன் ஊரைவிட்டுக் கிளம்பினாள் என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நியூசிலாந்தின் தொழிற்சாலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. பசிபிக் தீவுகளிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். 1970-களில் பொருளாதாரம் படுத்ததும் அதே மக்கள் வேண்டாதவர்கள் ஆனார்கள். விசா காலம் முடிந்தவர்களைத் தேடுகிறோம் என்று சொல்லி, விடியற்காலையில் டோங்கா, சமோவா குடும்பங்களின் கதவைப் போலீஸ் தட்டியது. விசா முடிந்தும் தங்கியிருந்த வெள்ளையர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். இந்தச் சோதனைகளுக்காக நியூசிலாந்துப் பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் முறைப்படி மன்னிப்புக் கேட்டது 2021 ஆகஸ்ட்டில். அப்படித் துரத்தப்பட்டவர்களின் பேரன், ‘பாட்டி ஊருக்குத்தான் ஆடுவேன்’ என்றால் அதைச் சந்தர்ப்பவாதம் என்று எப்படிச் சொல்வது?

ஆட்டத்துக்கும் இது லாபம்தான். காலகாலமாக மூன்று நாடுகளின் சொந்தச் சொத்தாக இருந்த விளையாட்டு இது. 2019-ல் டோங்கா, கிரேட் பிரிட்டனை 14-6 என்றும் ஆஸ்திரேலியாவை 16-12 என்றும் அடுத்தடுத்த வாரங்களில் வீழ்த்தியது. பெரிய மூன்றுக்கு வெளியே ஒரு நாட்டிடம் ஆஸ்திரேலியா தோற்றது 1978-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. 2022 உலகக் கோப்பையின் முதல் ஆட்டத்தில் இங்கிலாந்திடம் 60-6 என உதை வாங்கிய சமோவா, அரையிறுதியில் அதே இங்கிலாந்தை 27-26 எனச் சாய்த்தது. கூடுதல் நேரத்தில் ஒற்றைப் புள்ளி உதையை அடித்தவர் ஸ்டீபன் கிரைட்டன். சமோவாவின் ஆபியாவில் பிறந்து மேற்கு சிட்னியில் வளர்ந்தவர். அவருடைய தோழர்கள் ஜரோம் லுவாய், பிரையன் டோ’ஒ இருவரும் சிட்னியிலேயே பிறந்தவர்கள். நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்துக்கும் ஆடுகிறார்கள், சமோவாவுக்கும் ஆடுகிறார்கள்.

எனக்கு இருக்கும் கவலை வேறு. இந்த விதிக்குள் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

1970-களில் டோங்காவிலிருந்து ஆக்லாந்துக்கு வந்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். அவள் மகள் பிறந்தது ஆக்லாந்தில். பேரனும் அங்கேதான். அவன் டோங்காவுக்கு ஆடலாம். அந்தப் பேரனுக்கு ஒரு மகன் பிறக்கிறான். வீட்டில் டோங்கா மொழி, ஞாயிற்றுக்கிழமை டோங்கா தேவாலயம், ஆட்ட நாளில் வாசலில் சிவப்புக் கொடி. ஆனால் அவனுடைய தாத்தா பாட்டி நால்வரும் ஆக்லாந்தில் பிறந்தவர்கள் என்றால் கதவு சாத்தப்பட்டுவிடும்.

குக் தீவுகளைப் பாருங்கள். தீவில் இருப்பவர்கள் சுமார் 15,000 பேர். நியூசிலாந்தில் அந்த வம்சத்தார் 80,000-க்கும் மேல். அவர்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் நியூசிலாந்திலேயே பிறந்தவர்கள். அங்கே கடிகாரம் இன்னும் வேகமாக ஓடுகிறது. 2022-ல் முதன்முறையாக உலகக் கோப்பைக்கு வந்த ஜமைக்காவுக்கும் இதே கதைதான். இங்கிலாந்தில் பிறந்து அந்த அணியில் ஆடியவர்களுக்குத் தகுதி தந்தது, ஊரைவிட்டுக் கப்பலேறிய தலைமுறையின் பிறப்புச் சான்றிதழ். போருக்குப் பின் இத்தாலியிலிருந்து சிட்னிக்கு வந்தவர்களின் வாரிசுகளில் கொள்ளுப்பேரன்கள் இப்போதே வரிசையில் நிற்கிறார்கள்.

விதியைக் கொள்ளுப்பாட்டிவரை நீட்டினால் என்ன என்று கேட்கலாம். நீட்டினால் இன்னும் ஒரு முப்பது வருடம் ஓடும். அப்புறம் எள்ளுப்பாட்டியைத் தேட வேண்டும்.

பப்புவா நியூ கினி வேறு வழியில் போகிறது. அங்கே ரக்பி லீக்தான் தேசிய விளையாட்டு. அணிக்கான ஆள்கள் பெரும்பாலும் உள்ளூர் மைதானங்களிலிருந்தே வருகிறார்கள். 2028 முதல் அந்த நாட்டின் கிளப் அணியும் ஆஸ்திரேலிய லீக்கில் சேர்கிறது. அதையொட்டி ஆஸ்திரேலிய அரசு 10 ஆண்டுகளில் 60 கோடி டாலர் தருகிறது. சீனா அந்தக் கடற்பகுதியில் காலூன்றிவிடக் கூடாதே என்ற கணக்கும் இதில் இருக்கிறது. இருக்கட்டும். பணம் எந்தக் காரணத்துக்காக வந்தாலும் அங்குள்ள பையனுக்கு ஒரு வழி திறக்கிறது.

டோங்காவிலும் சமோவாவிலும் பிறந்து வளரும் பையனுக்கு அப்படி ஒரு ஏணி இல்லை. பெரிய ஆட்டம் ஆட வேண்டுமென்றால் அவன் ஆக்லாந்துக்கோ சிட்னிக்கோ விமானம் ஏறியாக வேண்டும். தன் நாட்டுக் கொடியை ஏந்தும் அணியை, பெரும்பாலும் டி.வி-யில்தான் பார்க்கிறான்.

பாட்டி விதியால் அரங்குகள் நிறைகின்றன, டிக்கெட் விற்கிறது, ஒளிபரப்புக் காசு சேர்கிறது. அந்தக் காசில் ஒரு நிலையான பங்கு தீவுகளின் பள்ளிகளுக்கும் உள்ளூர் லீக்குகளுக்கும் போக வேண்டும். உலகக் கோப்பை ஒப்பந்தத்திலேயே அதை எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இன்னும் இரண்டு தலைமுறையில் டோங்கா அணிக்குத் தகுதியான ஆட்கள் டோங்காவில் மட்டும்தான் இருப்பார்கள். அவர்களுக்கு ஆட்டம் கற்றுக்கொடுக்க அங்கே யாரும் இருக்க மாட்டார்கள்.