கணவருக்கு ஒரு ஹெரால்டு, எனக்கு ஒரு கவலை!

"அது ஆம்பிளைங்க சமாசாரம்" என்று கார் விஷயத்தில் நான் தலையிட்டதே இல்லை. தலையிடாமல் இருந்தது எவ்வளவு பெரிய தப்பு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

செங்கல்பட்டில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஓலைக் கொட்டகை ஒன்று உண்டு. அதில் என் மாமனார் ஆசையாக வைத்திருந்த 1970-ம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு பல வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. கோழி அடைவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது! மாமனார் காலமான பிறகு, "அப்பா ஞாபகமா இதை ஓட வைக்கணும்" என்று கிளம்பினார் என்னவர்.

வண்டலூர் என்றால் இன்று நமக்கு மிருகக்காட்சி சாலைதான். அந்தக் காலத்தில் ஸ்டாண்டர்டு கார்கள் உருவானதும் அங்கேதான். இங்கிலாந்தில் 1959-ல் வந்த ட்ரயம்ஃப் ஹெரால்டு, இங்கே 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆயிற்று. உருவம் வரைந்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தை நீளம் குறைத்துத்தான் 1962-ல் ட்ரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்களாம். "ஸ்போர்ட்ஸ் காருக்குக் கூடப் பிறந்த அக்காடி இது!" என்பார் இவர், பெருமை பிடிபடாமல்.

வீட்டிலேயே வேலை பார்க்க இவர் துணிந்ததற்குக் காரணம் இருந்தது. ஹெரால்டின் அடிச்சட்டம் தனி. மேல்கூடு தனித்தனிப் பாகங்களாக போல்ட் போட்டு முடுக்கியது. பானெட் மொத்தமும் முன்பக்கமாகச் சாய்ந்து திறக்கும். பக்கத்தில் உட்கார்ந்துகொண்டே என்ஜினைப் பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமை தோறும் உப்புத்தாளும் கையுமாக உட்கார்ந்தார். பழைய பெயின்ட்டைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தார். கொட்டகைக்கும் என் சமையலறை ஜன்னலுக்கும் பத்தடி தூரம்கூட இருக்காது. பாத்திரம் கழுவும் மேடை வரையில் மாவு மாதிரித் தூசி படியும். நான் முணுமுணுத்துக்கொண்டே விளக்குமாற்றால் பெருக்கித் தள்ளுவேன்.

இதற்குள் எங்கள் சின்னவனுக்கு இரண்டு வயது முடிந்தது. சரியாகச் சாப்பிட மாட்டான், அடிக்கடி மலச்சிக்கல், முகம் வெளிறிப் போயிற்று. "பல்லு முளைக்கிற குழந்தை, அப்படித்தான் இருக்கும்" என்றார் அத்தை. எனக்கு மனசு கேட்கவில்லை. டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனேன்.

ரத்தசோகை என்று பார்த்தவுடனேயே சொல்லிவிட்டார். பிறகு வரிசையாகக் கேள்விகள். "கடையில வாங்கின கண் மை போடறீங்களா? நாட்டுச் செந்தூரம் ஏதாவது குடுக்கிறீங்களா? வீட்டில பழைய பெயின்ட் சுரண்டற வேலை நடக்குதா?" மூன்றாவது கேள்விக்கு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

ரத்தத்தில் ஈயம் எவ்வளவு என்று சோதித்தார்கள். டெசிலிட்டருக்கு 11 மைக்ரோகிராம்! 5-ஐத் தொட்டாலே எங்கிருந்து வருகிறது என்று தேடிப் பிடித்து நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இதற்குக் கீழே இருந்தால் ஆபத்தில்லை என்று சொல்லும்படியான அளவும் கிடையாதாம்.

சகோதரிகளே, ஈயம் என்றதும் பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயத்தை, ஈயச் சொம்பு ரசத்தை நினைத்துவிடாதீர்கள். இது காரீயம். அந்தக் காலத்துக் கார் பெயின்ட்டுகளிலும், அடியில் பூசும் ப்ரைமரிலும், தகடுகள் சேருமிடத்தை நிரவுகிற பற்றிலும் இது இருக்கலாம். வீட்டுப் பெயின்ட்டுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்று நம் நாட்டில் 2017 நவம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது. அது புதுப் பெயின்ட்டுக்குத்தான். அரை நூற்றாண்டுக்கு முன் அடித்த கார் பெயின்ட்டுக்கு எந்தச் சட்டம் உதவும்?

விழுங்குகிற ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு ஏற்பதைப்போல நாலைந்து மடங்கை ஏற்கிறது குழந்தையின் உடம்பு. வளரும் மூளையைத்தான் அது முதலில் தாக்கும். படிப்பு, கவனம், புத்திக்கூர்மை எல்லாவற்றையும் கெடுக்கும். வாயில் போகாமல் எப்படி இருக்கும்? இவர் தூசி படிந்த லுங்கியோடு குழந்தையைத் தூக்குவார். அந்த லுங்கியைக் குழந்தைத் துணியோடு ஒரே வாளியில் ஊறவைத்தவள் நான்! தவழ்ந்த கையை அவன் வாயில் வைப்பான். யாரைக் குற்றம் சொல்வது?

அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. "அந்தக் காரை வித்துத் தொலைடா" என்று அத்தை அழுதார். இவர் வாயே திறக்கவில்லை. எனக்கும் ஆத்திரம்தான். ஆனால் காரை விற்றால் தரையில் இருக்கிற தூசி போய்விடுமா? "இந்த அளவுக்கு மருந்து வேண்டாம்மா. வர்ற வழியை அடைச்சா தானாக் குறையும்" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மறுநாளே சட்டம் போட்டேன்.

1. பெயின்ட் சுரண்டுகிற வேலை இனி வீட்டில் கிடையாது. கூட்டையும் கதவுகளையும் கழற்றி, தண்ணீர் ஊற்றித் தேய்க்கிற டிங்கரிங் பட்டறைக்கு அனுப்பினோம்.

2. கொட்டகையையும் வீட்டையும் ஈரத்துணியால்தான் துடைப்பது. விளக்குமாறு தூசியைப் பறக்க விடும், போக்காது.

3. வேலைத் துணியும் செருப்பும் கொட்டகையோடு நிற்கும். துணிக்குத் தனி வாளி. குளித்த பிறகே குழந்தையைத் தொடலாம்.

4. பழைய பிரேக், கிளட்ச் தூசியை ஊதக் கூடாது. அதில் கல்நார் இருக்கும், நுரையீரலுக்கு எமன். ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, பையில் கட்டிவிட வேண்டும்.

5. பெட்ரோல், பிரேக் ஆயில் எதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றக் கூடாது. தவறிப்போய்க் குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

6. மூடிய கொட்டகைக்குள் என்ஜினை ஓடவிடக் கூடாது. அந்தப் புகையில் மணமில்லாத விஷவாயு உண்டு.

சமையலறையிலும் ஒரு வேலை இருந்தது. இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாக இழுத்துக்கொள்ளுமாம். அதனால் கேழ்வரகுக் கூழ், முருங்கைக்கீரை, பால், நெல்லிக்காய், டாக்டரம்மா கொடுத்த இரும்புச்சத்து டானிக் என்று மாறி மாறிக் கொடுத்தேன். இதெல்லாம் உடம்பைத் தேற்றும். தூசியை நிறுத்தாவிட்டால் பயனில்லை.

மூன்று மாதத்தில் 7. எட்டாவது மாதம் 4. அந்தக் காகிதத்தைப் பார்த்து நான் அழுதது டாக்டரம்மாவுக்குத்தான் தெரியும்.

கார் என்ன ஆயிற்று என்கிறீர்களா? பட்டறையிலிருந்து புதுப் பெயின்ட்டோடு வந்தது. என்ஜின் வேலையை இவர் பார்த்தார். சீட்டுக்கு ரெக்ஸின் உறை என் தையல் மிஷினில் தைத்தேன். போன மாசி மாதம் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு முதல் பயணம். கடற்கரைக் கோயிலைப் பார்த்துச் சின்னவன் கை தட்டினான். அத்தை பின் சீட்டில் உட்கார்ந்து, "உங்க மாமா இப்படித்தான் மெதுவா ஓட்டுவார்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும், உப்புக் காற்றில் அடித்தகடு துருப்பிடிக்கும் என்று இவர் நல்ல தண்ணீரால் காரின் அடிப்பக்கத்தைக் கழுவினார். பிறகு கேட்காமலே போய்க் குளித்துவிட்டு வந்துதான் குழந்தையைத் தூக்கினார்.

உங்கள் வீட்டுக் கொட்டகையில் இருப்பது காராக இல்லாமல் பழைய கட்டிலோ ஜன்னல் கதவோ ஆகவும் இருக்கலாம். உப்புத்தாளைக் கையில் எடுப்பதற்கு முன்னால், குழந்தை எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.