கடல் தூக்கிச் சென்ற எஞ்சின்

கொழும்பிலிருந்து காலிக்கு இரயிலில் சென்றவர்கள் உங்களுள் இருப்பின் அப்பாதையை மறந்திருக்க மாட்டீர்கள். வலப்புறம் நீலக்கடல், இடப்புறம் தென்னந்தோப்பு. அலைத்துளி சன்னலுக்குள் தெறித்துவிடுமோ எனக் குழந்தைகள் கூவி மகிழும் அளவுக்குத் தண்டவாளம் கரையை ஒட்டியே ஓடும். அப்பாதையில் கடலால் தூக்கி எறியப்பட்டு, மீண்டும் பணிக்குத் திரும்பிய ஒரு பழைய டீசல் எஞ்சினைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அதன் எண் 591, பெயர் மனிடோபா.

இலங்கை எஞ்சினுக்கு ஏன் இந்த அந்நியப் பெயர் என்று கேட்பீர்கள். மனிடோபா என்பது கனடாவின் ஒரு மாகாணம். கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த உதவியால், 1954 முதல் இவ்வகை எஞ்சின்கள் இலங்கையில் வந்திறங்கின. ஆல்பர்ட்டா, சஸ்காச்சுவன் எனக் கனடிய மாகாணங்களின் பெயர்களையே அவை தாங்கின. அவற்றைச் செய்தனுப்பிய ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை லண்டன் நகரில் இருந்தது. இங்கிலாந்தை எண்ணிவிடாதீர்கள், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்திலும் ஒரு லண்டன் உண்டு!

நிலக்கரியை வெளிநாட்டிலிருந்து வாங்கி எரித்துக்கொண்டிருந்த ஒரு தீவுக்கு இது பெரிய மாற்றம். இலங்கை இரயில்வேயை நீராவியிலிருந்து டீசலுக்குத் திருப்பியவர்களுள் முதன்மையானவர் பி.டி. ராம்பாலா. தலைமை இயந்திரப் பொறியாளராயிருந்து, 1955இல் பொது மேலாளராக உயர்ந்தவர். நீராவி மறைந்த பின்னரும் இலங்கைத் தமிழர் இரயிலைப் ‘புகையிரதம்’ என்றே அழைத்து வருகின்றனர் என்பது வேறு செய்தி.

டீசல் எஞ்சின் எவ்வாறு வண்டியை இழுக்கிறது? எண்ணெயின் ஆற்றல் நேரே சக்கரத்திற்குச் செல்வதாகப் பலர் கருதுகின்றனர். இவ்வகை எஞ்சினில் அப்படியன்று. திருமண வீட்டில் மின்தடையின்போது ஓடும் ஜெனரேட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதனினும் பன்மடங்கு பெரிதான ஒன்று இந்த எஞ்சினுக்குள் இருக்கிறது. 12 சிலிண்டர்கள் கொண்ட டீசல் இயந்திரம் அதைச் சுழற்ற, பிறக்கும் மின்சாரம் அச்சுகளோடு பொருத்திய மோட்டார்களுக்குச் சென்று சக்கரங்களைத் திருப்புகிறது. ஒரு சிலிண்டர் பழுதானால் அதை மட்டும் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம். இத்தகைய எஞ்சின்கள் அரை நூற்றாண்டைக் கடந்தும் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இனிச் சொல்ல வேண்டியது துயரமானது. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. பௌர்ணமி விடுமுறையும் சேர்ந்துகொள்ள, கொழும்புக் கோட்டையிலிருந்து மாத்தறை செல்லும் விரைவு வண்டியில் கூட்டம் நெரிந்தது. சீட்டு வாங்கியவர் மட்டும் 1,500க்கு மேல். எட்டுப் பெட்டிகளை இழுத்துக்கொண்டு மனிடோபா காலை 6.50 அளவில் புறப்பட்டது. சுமத்ரா அருகே கடலடி நிலம் அதிர்ந்ததும் ஏறத்தாழ அதே வேளையில்தான்! அலை இலங்கையை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. அந்த நேரத்தை எவரும் பயன்படுத்த இயலவில்லை. ஆபத்துச் செய்தி வந்ததும் மருதானைக் கட்டுப்பாட்டு நிலையத்தினர் கரையோரப் பாதையில் எட்டு வண்டிகளை நிறுத்திவிட்டனர். இந்த ஒரு வண்டியை மட்டும் நிறுத்த முடியவில்லை. அம்பலாங்கொடை நிலையத்தின் தொலைபேசி ஒலித்தபோது ஊழியர் அனைவரும் அந்த வண்டியின் பணியிலேயே இருந்தனர். எடுத்துக் கேட்டபோது வண்டி போய்விட்டிருந்தது.

9.30 மணியளவில் பெரலிய என்ற சிற்றூரில் முதல் அலை வண்டியை நிறுத்தியது. ஊர் மக்கள் என்ன செய்தனர் தெரியுமா? இரும்புப் பெட்டிகளைக் கடலால் என்ன செய்ய முடியும் என்று நம்பிக் கூரைமேல் ஏறினர்; பெட்டிகளின் மறைவில் ஒதுங்கி நின்றனர். அந்த இடத்தில் நாம் இருந்திருந்தால் நாமும் அதையேதான் செய்திருப்போம். சில நிமிடங்களில், வண்டியின் உயரத்தையும் விஞ்சிய அடுத்த அலை வந்தது. பெட்டிகள் புரண்டு மரங்களிலும் வீடுகளிலும் மோதின. ஏறத்தாழ 80 டன் எடையுள்ள மனிடோபாவையும் நீர் தூக்கிச் சென்று சதுப்பில் எறிந்தது. எஞ்சினில் இருந்த ஓட்டுநரும் உதவியாளரும் கடமையிலேயே உயிரிழந்தனர். மாண்டவர் 1,700க்குக் குறையாது என்பது கணிப்பு. உலக இரயில் வரலாற்றில் இதனினும் கொடிய விபத்து இல்லை.

அந்த எஞ்சினைப் பழைய இரும்பாக விற்றிருக்கலாம். மின்மோட்டார்களுக்கு உப்புநீர் நஞ்சு. செம்புக் கம்பிச் சுருள்களை அது அரித்துவிடும். ஆயினும் சதுப்பிலிருந்து அதை மீட்டுச் செப்பனிட்டனர். அதன் பெட்டிகளுள் இரண்டும் புதுப்பிக்கப்பட்டன. மனிடோபா மீண்டும் பணிக்கு வந்தது. இத்தனை உயிர்களோடு வீழ்ந்த பொறியைத் திரும்ப ஓட்டலாமா, அருங்காட்சியகத்தில் வைப்பதன்றோ முறை என்று சிலர் கேட்கக்கூடும். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. மறுநாளும் அலுவலகம் செல்வோருக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வண்டி வேண்டும். உழைக்கவென்று செய்த எஞ்சின் உழைக்கட்டும்.

ஆண்டுதோறும் டிசம்பர் 26 அன்று பெரலியவில் நினைவஞ்சலி நடைபெறுகிறது. 2024இல், இருபதாம் ஆண்டு நிறைவில், உறவுகளை இழந்தோர் புதுப்பிக்கப்பட்ட அந்த இரயிலிலேயே ஏறிச் சென்று மலர் வைத்தனர். பௌத்தர், இந்துக்கள், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் அவரவர் முறைப்படி அன்று நாடெங்கும் பிரார்த்தனை செய்தனர்.