இயந்திரக் கை

1961 ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்து ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையொன்றில் ‘யூனிமேட்’ என்னும் இயந்திரக் கை பணிபுரியத் தொடங்கியது. வார்ப்பு அச்சினின்று சூடான உலோக உறுப்புகளை எடுத்து வைப்பதே அதன் வேலை. ஒன்றையே பல்லாயிரம் முறை செய்யும் பேராலைக்கு அது பெரிதும் பயன்பட்டது.

ஆனால், இன்று இருபது அச்சாணிகளும் நாளை முப்பது வளையங்களும் செய்யும் சிறு பட்டறைக்கு அஃது ஏற்றதாகவில்லை. பொருள் மாறுந்தோறும் பிடிப்பான்களை மாற்றிப் புதிய கட்டளைகளை அமைத்தல் வேண்டும். அதற்குள் கைதேர்ந்த கடைசல் தொழிலாளி இருபதையும் முடித்துவிடுவார்.

டென்மார்க்கின் யுனிவர்சல் ரோபாட்ஸ் நிறுவனம் 2008 இல் விற்பனைக்குக் கொணர்ந்த சிறிய கை இக்குறையைத் தணித்தது. தொழிலாளி அதனைப் பிடித்து, அது செல்ல வேண்டிய இடங்களைக் காட்டுவார். அஃது அவற்றை நினைவிற் கொள்ளும். தொழில் அறிந்த ஆசான் இல்லையேல், இயந்திரக் கை எதனைக் கற்கும்?