பந்தயத் திடலின் வாயிலோடு நின்றுவிடும் காப்புறுதி

கொழும்பு மாநகரிலே நடுத்தரக் குடும்பமொன்று சொந்தமாக ஒரு மோட்டார்க் கார் வைத்திருப்பது இன்று சிறிய காரியமன்று. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்திலேதான் தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது. இடைக்காலத்தில் பழைய கார்களின் விலையுங்கூட வானளாவ உயர்ந்தது. ஆகவே வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு வீட்டு வாயிலில் நிற்கும் கார், அவ்வீட்டாரின் பல ஆண்டு உழைப்பின் உருவம் என்றே சொல்லலாம். அதற்குக் காப்புறுதி செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் அவர்கள் உறங்குகின்றனர். அந்த நிம்மதியின் எல்லை எது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வேகத்தின் மீது ஆசை

ஜம்பட்டா வீதியிலும் காலி வீதியிலும் அன்றாடம் நத்தைபோல் ஊர்ந்து செல்லும் ஓர் இளைஞனுக்கு, ஒரு நாளாவது தன் காரை அதன் முழு ஆற்றலுடன் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. அவ்வாசை இத்தீவுக்குப் புதிதுமன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. வெள்ளவத்தையை ஊடறுத்துச் செல்லும் அதே காலி வீதியிலே தெற்கு நோக்கிச் சென்றால், களுத்துறைக்கு அப்பால் கட்டுக்குருந்தை வரும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியக் கடற்படையின் விமானங்கள் ஏறி இறங்கிய அவ்வோடுதளம், பின்னாளில் மோட்டார்ப் பந்தயங்களுக்கு இடமாயிற்று. சென்னைக்கு அண்மையிலுள்ள சோழவரத்தின் கதையும் இத்தகையதே.

பந்தயத்திற்கென்றே வண்டி வைத்திருப்போர் சிலர். ஆனால் போட்டியில் சேராமல், பரிசை நாடாமல், தம் சொந்தக் காரைப் பந்தயத் திடலுக்குக் கொண்டுசென்று பொழுதுபோக்காக ஓட்டும் வழக்கம் உலகெங்கும் பரவி வருகிறது. பொதுவீதியிலே வேகம் காட்டிப் பிறருயிருக்கு உலை வைப்பதைவிட இது மேலானது என்பதில் ஐயமில்லை. எனினும், திடலின் வாயிலைத் தாண்டியதும் அந்தக் காருக்கு யார் பொறுப்பு?

பத்திரத்தில் ஒளிந்திருக்கும் வரி

காப்புறுதிப் பத்திரத்தை எடுத்து, வாகனத்தைப் பயன்படுத்துவதற்கான வரையறைகள் என்ற பகுதியைப் படித்துப் பாருங்கள். பிரித்தானியப் பத்திரங்களின் வழிவந்த வாசகம் அங்கே காணப்படும். சொந்தத் தேவைக்கும் உல்லாசப் பயணத்திற்கும் காரைப் பயன்படுத்தலாம்; ஆனால் கூலிக்கு ஓட்டுதல், பந்தயம், வேகப் பரீட்சை, வாகனத்தின் உறுதியைச் சோதிக்கும் ஓட்டம் ஆகியவற்றிற்குப் பாதுகாப்பு இல்லை என்பதே அதன் சாரம். “நான் பந்தயத்திலா ஓடினேன்? தனியாகத்தானே ஓட்டினேன்!” என்று உரிமையாளர் வாதாடலாம். “வேகத்தைச் சோதித்தீர்கள் அல்லவா?” என்று நிறுவனம் மறுமொழி கூறலாம். அவ்வழக்குக்கே இடமில்லாதபடி, பந்தயத் திடலில் நிகழும் எவ்வகை ஓட்டத்தையும் வெளிப்படையாக விலக்கும் பத்திரங்களும் உண்டு.

ஜெர்மனியின் நூர்புர்க்ரிங் இதற்கு நல்ல உதாரணம். 1927இல் திறக்கப்பட்ட அத்திடலின் வடக்குச் சுற்று ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமுடையது. குறித்த நாள்களில் கட்டணம் செலுத்தி எவரும் தம் காரை அங்கே ஓட்டலாம். அந்நேரத்தில் சட்டத்தின் பார்வையில் அது ஒருவழிப் பொதுவீதியே. பந்தயம் அங்கே தடை செய்யப்பட்டுள்ளது. அப்படியிருந்தும், அத்திடலைப் பெயர் குறிப்பிட்டே விலக்கும் காப்புறுதி நிறுவனங்கள் பல உள்ளன.

இழப்பு யாருக்கு?

வெள்ளவத்தையில் வாழும் ஓர் எழுதுவினைஞர், லீசிங் முறையில் ஒரு கார் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஞாயிறு காலை திடலில் அவருடைய பிரேக் சூடேறிப் பிடியிழக்கிறது. கார் தடுப்புச் சுவரில் மோதி உருக்குலைகிறது. நிறுவனம் நட்டஈட்டை மறுத்துவிடுகிறது. கார் போய்விட்டது, ஆனால் மாதத் தவணை போய்விடவில்லை. இல்லாத காருக்காக இன்னும் பல ஆண்டுகள் அவர் பணம் செலுத்த வேண்டும். மகளின் கல்விக்கும் மனைவியின் மருந்துக்கும் உரிய பணம் அத்தவணையிற் கரையும். ஓட்டியவர் ஒருவர், சுமப்பவர் குடும்பத்தார் அனைவருமன்றோ?

இதனினும் கொடியது பிறருக்கு நேரும் தீங்கு. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் மூன்றாந் தரப்புக் காப்புறுதியைக் கட்டாயமாக்கியது. ஆனால் அச்சட்டம் பொதுவீதியில் ஓடும் வாகனத்தை மனத்திற்கொண்டு எழுந்தது. வேலியிட்ட தனித் திடலிலே அதே பாதுகாப்பு தொடரும் என்று எண்ணியிருத்தல் பேதைமை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவையில் நடைபெற்ற பொக்ஸ் ஹில் பந்தயத்தில், பாதையை விட்டு விலகிய கார் கூட்டத்துள் பாய்ந்தமையால் ஏழு உயிர்கள் மடிந்தன. அவர்களுள் ஒரு சிறுமியும் இருந்தாள். தேர்ந்த ஓட்டுநர்கள் கூடிய, ஒழுங்கு செய்யப்பட்ட போட்டியிலேயே இவ்வாறு நேருமாயின், பொழுதுபோக்காக ஓட்டுபவர் எத்துணை எச்சரிக்கையாய் இருக்க வேண்டும்!

செய்ய வேண்டுவன

பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் திடலில் ஓட்டும் ஒரு நாளுக்கு மாத்திரம் தனிக் காப்புறுதி பெற வழியுண்டு. காரின் மதிப்பை முன்கூட்டியே இரு தரப்பாரும் ஒப்புக்கொள்வர். இழப்பில் ஒரு கணிசமான முதற்பகுதியை உரிமையாளரே ஏற்க வேண்டும். தேய்ந்த டயருக்கும் எரிந்த கிளச்சுக்கும் அது ஈடு தராது. பெரும்பாலும் தன் காருக்கு நேர்ந்த சேதத்தை மட்டுமே அது கவனிக்கும். பிறருக்கு நேரும் தீங்குக்குத் திடல் நடத்துவோர் என்ன ஏற்பாடு செய்துள்ளனர் என்பதைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

இங்கே திடலுக்குச் செல்ல விரும்புவோர், முதலில் தம் நிறுவனத்திற்குக் கடிதம் எழுதிக் கேட்க வேண்டும். திடலின் பெயர், நாள், போட்டியா பொழுதுபோக்கா என்ற விவரம் ஆகிய யாவற்றையும் குறித்து, பதிலையும் எழுத்திலேயே பெற வேண்டும். முகவரின் வாய்ச்சொல் பின்னாளில் சாட்சிக்கு வராது. காரின் எஞ்சினையோ சில்லுகளையோ மாற்றியிருந்தால் அதையும் மறையாமல் அறிவித்தல் நன்று. மறைத்தால் காலி வீதியில் நேரும் சாதாரண விபத்துக்கும் வில்லங்கம் வரலாம்.

திடலில் நேர்ந்த சேதத்தை வீதியில் நேர்ந்ததாகக் கூறிவிடலாமே என்று சிலர் காதோடு சொல்வர். அது மோசடி, அவ்வழி நாடுவோர் நட்டஈட்டை மட்டுமன்றிப் பெயரையும் இழப்பர். 1766இல் இங்கிலாந்தில், சுமாத்திரா தீவின் கோட்டையொன்றைப் பற்றிய வழக்கில், காப்புறுதி முழு நன்னம்பிக்கையின் மேல் நிற்பது என்று நீதிபதி மான்ஸ்பீல்டு பிரபு விதித்தார். அந்நம்பிக்கை இரு தரப்பாரையும் கட்டுவது. தான் அறிந்திருக்கக்கூடிய ஆபத்தை அறியாததுபோல் நிறுவனமும் நடிக்கலாகாது என்பதால், அவ்வழக்கில் காப்புறுதி பெற்றவரே வென்றார். ஆதலால், நிறுவனம் நியாயமின்றி மறுத்தால் அஞ்ச வேண்டியதில்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும், காப்புறுதி ஒம்புட்ஸ்மனும் முறைப்பாட்டைக் கேட்பதற்கு உள்ளனர்.

எழுத்து மூலமான பாதுகாப்புக் கிடைக்காவிட்டால்? அப்பொழுது உரிமையாளர் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: “இந்தக் கார் இன்று மாலை வீடு திரும்பாவிட்டால், என் குடும்பம் அதைத் தாங்குமா?” தாங்கும் என்பவர், பயிற்றுநர் ஒருவரைத் துணைக்கொண்டு ஓட்டி மகிழட்டும். தாங்காது என்பவர், வேலிக்கு வெளியே பாதுகாப்பான இடத்தில் நின்று பார்த்து மகிழ்தலே அறிவுடைமை.