ஆயிரம் ரூபாய் அட்டை ஆயிரம் ரூபாய்தானா?

கல்யாணம், காதுகுத்து, வளைகாப்பு - எந்த விசேஷமானாலும் மொய் எழுதுவது நம் பெரியவர்கள் ஏற்படுத்தி வைத்த நல்ல வழக்கம். நூற்றோடு ஒன்று, ஐந்நூற்றோடு ஒன்று என்று கவரில் வைத்துக் கொடுத்துவிடுவோம். வாங்கியவர்கள் அதை அரிசிக்கும் போடலாம், ஆஸ்பத்திரிக்கும் கொடுக்கலாம், கைமாற்றையும் அடைக்கலாம். "எந்தக் கடையில் செலவு பண்ணப் போறே?" என்று ரூபாய் நோட்டு நம்மைக் கேட்பதில்லை.

இப்போது கவருக்குள் நோட்டு இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு பிளாஸ்டிக் அட்டை இருக்கிறது. 'கிஃப்ட் கார்டு' என்கிறார்கள். சில சமயம் அட்டைகூட இல்லை. செல்போனுக்கு ஒரு நீளமான நம்பர் மட்டும் வருகிறது. முன்கூட்டியே பணம் கட்டி வாங்கிய அட்டை, கடையில் நீட்டினால் போதும், காசு தர வேண்டாம். கேட்க எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது! ஆனால் அந்த அட்டை நமக்கு என்ன செலவு வைக்கிறது என்று யாராவது கணக்குப் போட்டதுண்டா? வாருங்கள், இன்று போட்டுப் பார்த்துவிடலாம்.

நான் இருப்பது பழவேற்காட்டில். சென்னைக்கு வடக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ஒரு பக்கம் ஏரி, மறு பக்கம் வங்கக் கடல். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உப்புநீர் ஏரி எங்களுடையதுதான். எங்கள் மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுபவள் நான். அதனால் பாங்க் சலான், கேஸ் புத்தகம், செல்போனுக்கு வந்த மெசேஜ் எதுவானாலும், "அக்கா, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று எங்கள் வீட்டுத் திண்ணைக்கு வந்துவிடும். இரண்டு மூன்று வருஷமாகத் தீபாவளி சமயத்தில் கிஃப்ட் கார்டும் வருகிறது.

"மீனவர் குப்பத்துக்கும் கிஃப்ட் கார்டுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? எங்கள் பிள்ளைகள் எல்லோரும் இப்போது வலை பிடிப்பதில்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும், ஆந்திர எல்லையில் உள்ள ஸ்ரீசிட்டிக்கும் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். ஸ்வீட் பாக்ஸோடு கார்டு ஒன்றையும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள் முதலாளிமார்கள். பிள்ளை அதை அப்படியே கொண்டுவந்து அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்துவிடுகிறான்.

போன வருஷம் ஒரு பெண், நிறைமாதம், கையில் இரண்டாயிரம் ரூபாய் கார்டோடு என்னிடம் வந்தாள். தம்பி கொடுத்ததாம்.

"இன்னாக்கா இது, ஏ.டி.எம்.ல போட்டா காசு வருமா?"

"வராதும்மா. இது துணிக்கடைக் கார்டு. அந்தக் கடையிலேதான் எடுக்கணும்."

"அந்தக் கடை பொன்னேரியிலே இருக்கா?"

இல்லை. சென்னையில்தான் இருக்கிறது. அவளுக்கு அப்போது வேண்டியிருந்தது பட்டுப்புடவை அல்ல. ஸ்கேனுக்கும் டானிக்குக்கும் பணம். பிரசவம் ஆகி, குழந்தைக்குத் தலை நின்ற பிறகு போகலாம் என்று பீரோவில் வைத்தாள். போய்ப் பார்த்தபோது கார்டின் தேதி முடிந்திருந்தது. "தேதி தாண்டிப் போச்சும்மா, எங்களால ஒண்ணும் பண்ண முடியாது" என்று அனுப்பிவிட்டார்கள். தம்பி ஒரு வருஷம் உழைத்ததற்குக் கிடைத்த பரிசு காற்றோடு போயிற்று.

எங்கே ஒளிந்திருக்கிறது செலவு?

முதல் செலவு, வாங்கும்போதே. வங்கியில் வாங்கும் கார்டுகள் பலவற்றுக்கு வெளியீட்டுக் கட்டணம் உண்டு. ஆயிரம் ரூபாய் கார்டுக்குக் கட்டணம் 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., அதாவது 9 ரூபாய். ஆக 1,059 ரூபாய் கொடுத்து 1,000 ரூபாய் வாங்குகிறோம்! மொய்க் கவர் என்றால் கவருக்கு மட்டும்தான் செலவு.

இரண்டாவது, மிச்சம். 1,000 ரூபாய் கார்டில் 940 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால் பாக்கி 60 ரூபாயைச் சில்லறையாகத் தரமாட்டார்கள். சில கடைக் கூப்பன்கள் ஒரு தடவை மட்டுமே செல்லும். மிச்சம் அதோடு போயிற்று. அது வீணாகக் கூடாதே என்று 1,150 ரூபாய்க்கு வாங்கி, கைக்காசு 150 போடுகிறோம். கடைக்காரருக்கு இரண்டு விதத்திலும் லாபம்தான்.

மூன்றாவது, தேதி. பொடி எழுத்தில் கார்டின் பின்பக்கம் இருக்கும், அல்லது மெசேஜில் மட்டும் வரும். யார் படிக்கிறோம்?

நான்காவது, இடம். பட்டணத்தில் இருப்பவர்களுக்கு இது செலவாகவே தெரியாது. எங்களுக்கு? ஏரியில் கையால் தடவி இறால் பிடித்து, வாயில் கடித்த பறியில் சேர்க்கும் இருளர் பெண்களைக் கேளுங்கள். பனை ஓலைக் கூடை முடையும் சகோதரிகளைக் கேளுங்கள். கருவாடு காயப்போடும் அத்தைமார்களைக் கேளுங்கள். பஸ் செலவு கிடக்கட்டும். பட்டணம் போகும் ஒரு நாள் என்பது ஒரு நாள் வருமானம். அதையும் கார்டின் மதிப்பிலிருந்து கழித்துத்தானே ஆகவேண்டும்?

ஐந்தாவது, தொலைந்தால் கோவிந்தா! பெயர் எழுதாத கார்டு யார் கையில் இருக்கிறதோ அவர்கள் சொத்து. நம்பரையும் பின் எண்ணையும் போனில் யாரிடமாவது சொல்லிவிட்டால், கார்டு உங்கள் பீரோவிலேயே இருக்கும், பணம் மட்டும் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

நமக்குச் சாதகமான சில சமாசாரங்களும் இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, வங்கிகளும் அனுமதி பெற்ற நிறுவனங்களும் கொடுக்கும் கிஃப்ட் கார்டு ஒன்றின் மதிப்பு 10,000 ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. அதில் மறுபடி பணம் ஏற்ற முடியாது, ரொக்கமாகவும் எடுக்க முடியாது. குறைந்தது ஒரு வருஷமாவது செல்லுபடியாக வேண்டும். காலாவதி ஆவதற்கு முந்தைய 45 நாட்களில் நமக்கு நினைவூட்ட வேண்டும். கட்டணம், காலாவதித் தேதி எல்லாவற்றையும் எளிய மொழியில், கூடியவரை அந்தந்த ஊர் மொழியிலும் சொல்ல வேண்டும். ஆகவே, "தமிழில் எழுதியது இருக்கிறதா?" என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. இந்த வகைக் கார்டு காலாவதி ஆன பிறகும், மீதிப் பணத்தைக் கேட்டால் நம் வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்பது விதி. தேதி முடிந்தது என்று குப்பையில் போட்டுவிடாதீர்கள்!

ஆனால் ஒரு கடை தன் கடைக்கு மட்டும் செல்லும்படி தானே அச்சடித்துக் கொடுக்கும் கார்டுக்கு இந்த விதிகள் பொருந்தா. அந்த நிறைமாதப் பெண்ணின் கையில் இருந்தது அந்த ரகம்தான். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அதுதான் ஆபத்து.

அமெரிக்காவில் 2009-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கிஃப்ட் கார்டில் உள்ள பணம் குறைந்தது ஐந்து வருஷம் செல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2019 நவம்பரிலிருந்து விற்கும் கார்டுகளுக்குக் குறைந்தது மூன்று வருஷம். கடைக் கார்டுகளும் அதில் அடக்கம். நம் நாட்டிலும் அப்படி வந்தால் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கார்டுக்கு ஒரு அக்கா இருக்கிறாள்

"எங்கள் வீட்டுக்குக் கார்டெல்லாம் வருவதில்லை" என்று நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். முன்பணம் கட்டிப் பிறகு பொருள் வாங்கும் இந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல. தீபாவளிச் சீட்டு, நகைச்சீட்டு எல்லாம் இதே குடும்பம்தான்.

நகைச்சீட்டு ஏன் பெரும்பாலும் பதினொரு மாதத்தோடு முடிகிறது தெரியுமா? பொருளுக்காக வாங்கிய முன்பணத்தைக் கம்பெனிகள் 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்து முடிக்காவிட்டால் அது 'டெபாசிட்' ஆகிவிடும் என்று 2014-ஆம் ஆண்டு விதி இருக்கிறது. அதனால்தான். "சேதாரம் கிடையாது" என்ற விளம்பரத்துக்குக் கீழே பாருங்கள்: இத்தனை சதவீதம் வரைக்கும்தான், நாணயத்துக்குக் கிடையாது, கல் வைத்த நகைக்குக் கிடையாது, தவணை தவறினால் போனஸ் கிடையாது என்று வரிசையாக இருக்கும். நகையின் மேல் 3 சதவீதம் ஜி.எஸ்.டி. தனி.

தவணை தவறினால் என்பதுதான் எங்களைக் குத்தும் முள். எங்கள் ஏரியில் பாடு முறை உண்டு. முறை வைத்துத்தான் வலை போட வேண்டும். பாடு வந்த நாளில் காசு, வராத நாளில் அடுப்புக்கே யோசனை. முகத்துவாரத்தை மணல் மூடினால் படகு கடலுக்குப் போகாது. புயல் என்றால் போகாது. எதிரே ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டாலும் போகக்கூடாது! இப்படிப்பட்ட வீட்டில் மாதாமாதம் ஐந்தாம் தேதி தவணை கட்டு என்றால் முடிகிற காரியமா?

கடையே மூடிவிட்டால்? 2017-இல் சென்னையின் பழைய நகைக்கடைகளில் ஒன்றான நாதெள்ளாவின் கடைகள் மூடப்பட்டபோது, மாதத் திட்டத்தில் பணம் கட்டியவர்கள் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு போலீசுக்கு அலைந்தார்கள். 2023-இல் திருச்சி பிரணவ் ஜுவல்லர்ஸ் மூடியபோதும் அதே கதைதான். முன்பணம் கட்டியவர் வாடிக்கையாளர் மட்டுமல்ல, கடன் கொடுத்தவரும்கூட. அதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

நல்ல முன்பணமும் உண்டு

எல்லாச் சேமிப்பும் கெடுதல் என்று நான் சொல்லவில்லை. எங்கள் கடலோரப் பெண்களுக்கு அரசாங்கத்தின் மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டம் இருக்கிறது. ஒன்பது மாதத்தில் 1,500 ரூபாய் கட்டினால், அரசு 3,000 சேர்த்து, மீன் குறைந்த காலத்தில் 4,500 ரூபாயாகத் தருகிறது. ரொக்கம்! எந்தக் கடைக்கு வேண்டுமானாலும் போகலாம். மற்ற ஊர்க்காரர்களுக்குத் தபாலாபீஸ் ஆர்.டி. இருக்கவே இருக்கிறது, மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டலாம். வட்டி கொஞ்சம்தான், ஆனால் பொடி எழுத்து பயமுறுத்தாது.

கார்டு கைக்கு வந்துவிட்டதா?

* அன்றைக்கே பின்பக்கம் படியுங்கள். காலாவதித் தேதியைச் சமையலறைக் காலண்டரில், அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, சிவப்பு மையில் குறித்து வையுங்கள்.

* இந்தக் கார்டைக் கொடுத்தது வங்கியா, கடையா என்று பாருங்கள். நம் ஊரில் எங்கே செல்லும், மிச்சம் அடுத்த தடவைக்கு நிற்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

* கார்டின் இரு பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து வையுங்கள். பில்லையும் பத்திரப்படுத்துங்கள். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.

* நல்ல நாளுக்கு என்று பூட்டி வைக்காதீர்கள். அரிசி, எண்ணெய், சோப்பு என்று எப்படியும் வாங்கும் பொருளுக்கே முதலில் செலவழியுங்கள். கைக்காசு மிஞ்சும்.

* கடை ஏமாற்றினால் நுகர்வோர் உதவி எண் 1915. வங்கிக் கார்டில் தகராறு என்றால் முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார்; 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளர், 14448. யாராவது நம்பரைக் கேட்டுப் பணத்தை எடுத்துவிட்டால் உடனே 1930.

இனி, கொடுக்கும் இடத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெறப் போகிறவளுக்கோ, வயதான பெரியம்மாவுக்கோ, கடன் வாங்கிக் கல்யாணம் செய்யும் வீட்டுக்கோ கார்டு வாங்கும் முன் ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவர்களுக்கு என்ன தேவை என்று நமக்குத் தெரியாதபோது, அதைத் தீர்மானிக்கும் உரிமையை அவர்களிடமே விடுவதுதான் மரியாதை. கையிலே காசு, வாயிலே தோசை என்று சும்மாவா சொன்னார்கள்? மஞ்சள் தடவிய கவரில் ஒரு நோட்டும் ஒரு ரூபாய் நாணயமும் வைத்துக் கொடுங்கள். எந்தக் குப்பத்திலும் எந்தக் கடையிலும் செல்லும்; தேதி முடிந்ததென்று யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள்.