ஓய்வு பெற்ற ரிவால்வருக்கு ஒரு கண்ணாடிப் பெட்டி

வெப்லி ரிவால்வரைத் திறக்கும் விதமே தனி. இடப்பக்கத் தாழைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழல் முன்பக்கமாக மடங்கிச் சாயும். சாயும்போதே நடுவிலிருந்து நட்சத்திர வடிவத் தகடு ஒன்று எழும்பி, சுட்டுத் தீர்ந்த 6 தோட்டாக் கூடுகளையும் ஒருசேர வெளியே தள்ளும். பிடியின் அடியில் லேன்யார்டு கயிறு கோக்க ஒரு வளையம் உண்டு. பிரிட்டிஷ் ராணுவம் 1887-ல் வெப்லியை ஏற்றுக்கொண்டது. பின்னால் வந்த .38 ரகம் காலனி நாட்டுப் போலீஸ் அதிகாரிகளின் இடுப்பில் வெகுகாலம் இருந்தது.

அப்படிப் பணி முடித்த ரிவால்வர்களைச் சேகரிப்போர் வெளிநாடுகளில் ஏராளம். சிங்கப்பூர் போலீஸுக்கென்றே பாதுகாப்புத் தாழ் சேர்த்து வெப்லி செய்துகொடுத்த ரகத்துக்கு அவர்களிடம் தனி மவுசு. நியூயார்க் போலீஸ் 2018-ல்தான் ரிவால்வருக்கு முழுதாக விடை கொடுத்தது. சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது உலோகத்தில் பொறித்த துறை முத்திரையையும் எண்ணையும். எந்தப் படையில், யார் கையில் இருந்தது என்று சொல்ல முடிந்தால்தான் அந்தத் துப்பாக்கிக்கு மதிப்பு.

நம் நாட்டில் தனியாருக்கு இந்த வழி அடைபட்டிருக்கிறது. .380, .455 ரகத் தோட்டாக்களைச் சுடக்கூடிய கைத்துப்பாக்கிகள் தடை செய்யப்பட்ட ரகம். அனுமதியின்றி வைத்திருந்தால் 7 முதல் 14 ஆண்டு வரை சிறை. உரிமம் உள்ளவர்களும் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. சுடவே முடியாதபடி, பழுதுபார்த்தாலும் பயன்படாதபடி போன பழம்பொருளுக்கு மட்டும் ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. இந்தக் கண்டிப்பு சரியானது என்றே நினைக்கிறேன். போலீஸ் ரிவால்வர் வீட்டு அலமாரியில் இருக்க வேண்டிய பொருள் இல்லை. அதற்காக, கணக்கிலிருந்து கழித்ததும் உருக்கித்தான் ஆக வேண்டும் என்பதும் இல்லை. பொது அருங்காட்சியகம் எதற்கு இருக்கிறது?

சென்னை எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகம் 2021 செப்டம்பரில் காவல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. கோவையில் பழைய ஹாமில்டன் கிளப் கட்டடத்தில் இன்னொன்று இருக்கிறது. கேரளத்துக்குக் கொல்லம். இரு மாநில எல்லையில் இருக்கும், நாஞ்சில் நாடு உள்ளிட்ட எங்கள் குமரி மாவட்டத்துக்கும் ஒன்று வேண்டும் என்பது என் ஆசை. அதைக் கேட்க இந்த மண்ணுக்கு உரிமையும் உண்டு. புலியூர்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள், டிலனாய் பீரங்கி வார்த்த ஊர் இது. 1741 குளச்சல் போரில் தோற்றுப் பிடிபட்ட அந்த டச்சுக் கம்பெனி அதிகாரியே பிறகு மார்த்தாண்ட வர்மாவின் படையைத் திருத்தி அமைத்தார். அவர் கல்லறையும் கோட்டைக்குள்தான். பத்மநாபபுரம் அரண்மனையில் மன்னர் காலத்து வாள்களைப் பார்க்கலாம்.

போலீஸ் வரலாறும் இங்கே சாதாரணமானதில்லை. 1949 வரை திருவிதாங்கூர், அடுத்து திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம் என்று ஏழெட்டு ஆண்டுக்குள் நாகர்கோவிலும் தக்கலையும் மூன்று அரசுகளின் போலீஸைப் பார்த்துவிட்டன. நடுவே 1954 ஆகஸ்ட் 11: தமிழகத்தோடு சேரப் போராடியவர்கள் மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு. அந்தத் தென் எல்லைப் போராட்டத்தின் தியாகிகளை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். போலீஸ் ஆயுதங்களைக் காட்சிக்கு வைக்கும் இடத்தில் அந்த நாளும் சொல்லப்பட வேண்டும். காவலர் வீரத்தை மட்டும் சொல்லும் அருங்காட்சியகம் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தாது.

உத்தரப்பிரதேசம் 2020 குடியரசு தின அணிவகுப்பில் .303 துப்பாக்கிக்கு முறைப்படி விடை கொடுத்தது. அந்த மரியாதையோடு இங்கே இன்னொன்றும் வேண்டும். ரிவால்வரைக் கழிக்கும்போது, சுடும் ஊசியை எடுத்து நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்துவிட்டு, அதன் எண் ஏறிய ஆயுதப் பதிவேட்டையும் கூடவே காப்பாற்ற வேண்டும். எந்த ஸ்டேஷன், யாருக்கு எப்போது வழங்கப்பட்டது, எத்தனை தோட்டா திரும்பியது எல்லாம் அந்தத் தாளில்தான் இருக்கும். பெல் ஆஃப் ஆர்ம்ஸ் எனப்படும் ஆயுத அறைகளில் ஆயுள் முழுக்க எண்ணெய் போட்டுத் துடைத்து, ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்த ஆர்மரர்கள் ஓய்வு பெற்று ஊர்களில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை முதலில் பதிவு செய்துவிட வேண்டும். கட்டடம் பிறகு வரட்டும்.