மூட்டுவலிப் போத்தலும் ஹாஜியாரின் கேள்வியும்

அண்மைக்காலமாக எமது கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கப்படும் சாமான்களில் ஒன்று கொலாஜன். முழங்கால் வலிக்கு நல்லது என்று ஒருவர் சொல்ல, பத்துப் பேர் தேடி வருகிறார்கள். நானும் ஒரு பெட்டி எடுத்தேன். கொண்டுவந்த முகவர் காட்டிய இலாபம் அரிசியிலும் சீனியிலும் கனவில்கூடக் கிடைக்காதது. போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று நான் வாசிக்கவில்லை. விலையை மட்டுமே பார்த்தேன்.

முதல் போத்தலைக் கையில் எடுத்தவர் எமது மஹல்லாவின் மூத்த ஹாஜியார் ஒருவர். ஸுஜூதுக்குப் போனால் எழும்ப முடியாமல் இப்போது கதிரையில் தொழுகிறார்.

“இது எதுல எடுத்தது மகன்?”

போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாட்டுல ஹாஜியார்” என்றேன்.

“யாரு அறுத்த மாடு?”

என்னிடம் பதில் இல்லை. போத்தலை மேசையில் வைத்துவிட்டு ஸலாம் சொல்லிப் போனார். முப்பது வருட வியாபாரத்தில் வாடிக்கையாளர் முன் நான் அப்படிக் கூனிக் குறுகியதில்லை. அதன் பிறகுதான் இந்தச் சாமானைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

கொலாஜன் என்பது தோல், எலும்பு, குருத்தெலும்பு ஆகியவற்றில் உள்ள ஒரு புரதம். உலகச் சந்தைக்கு வருவது பெரும்பாலும் மாட்டுத் தோல், பன்றித் தோல், மீனின் தோல், செதில் என்பவற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. ‘மாடு’ என்று எழுதியிருந்தால் நாம் நிம்மதியடைகிறோம். ஷரீஅத் முறைப்படி அறுக்கப்படாத மாடாயின் அதுவும் எமக்கு ஆகாதே! பொருளின் தன்மை முற்றாக மாறிவிட்டால் கூடும் என்று சொல்லும் உலமாக்களும் இருக்கிறார்கள். அதை அவர்களிடமே கேளுங்கள், நான் வியாபாரி. மீனுக்கு இந்த அறுப்புப் பிரச்சினை இல்லை. ஆனால் உள்ளே மீன் தூள் இருக்க, வெளியே இருக்கும் கெப்சூல் கூடு ஜெலற்றினாக இருக்கலாம். அந்த ஜெலற்றின் எதிலிருந்து வந்தது என்பதையும் கேட்க வேண்டும். பலர் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

ஆகவே முகவரிடம் வாய்வார்த்தை வாங்காதீர்கள். சான்றிதழின் பிரதியை வாங்குங்கள். அதில் பொருளின் பெயர், தொழிற்சாலையின் பெயர், காலாவதித் திகதி மூன்றும் இருக்கின்றனவா, அவை போத்தலில் உள்ளவற்றோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். சான்றளித்த வெளிநாட்டு நிறுவனம் உங்களுக்குத் தெரியாததாயின், எமது நாட்டு ஹலால் சான்றுறுதிப் பேரவையிடம் விசாரியுங்கள்.

இனிக் கணக்கு. இது நமக்குக் கைவந்த கலை அல்லவா! மூட்டுவலிக்காகச் செய்யப்பட்ட ஆய்வுகளில், நீரில் கரையும்படி உடைக்கப்பட்ட கொலாஜன் தூள் பெரும்பாலும் நாளொன்றுக்கு 10 கிராம் அளவில், மாதக்கணக்கில் கொடுக்கப்பட்டிருக்கிறது. எனது போத்தலில் இருந்தவை 60 கெப்சூல்கள், ஒவ்வொன்றும் 500 மில்லிகிராம். மொத்தமே 30 கிராம். ஆய்வில் கொடுத்த அளவுக்குச் சாப்பிட நாளைக்கு 20 கெப்சூல் விழுங்க வேண்டும், மூன்றே நாளில் போத்தல் காலி. அது 6,000 ரூபா என்றால் ஒரு கிராம் 200 ரூபா. அதே பொருள் 300 கிராம் தூளாக 12,000 ரூபாவுக்கு வந்தால் கிராம் 40 ரூபா, ஒரு மாதத்துக்குப் போதும். வாடிக்கையாளருக்கு எது ‘மலிவு’ என்று சொல்லிக் கொடுப்போம்?

இன்னொரு வகையும் உண்டு. கோழியின் நெஞ்சுக் குருத்தெலும்பிலிருந்து உடைக்காமல் எடுக்கப்படும் இரண்டாம் வகைக் கொலாஜன். அது நாளைக்கு 40 மில்லிகிராம் மட்டுமே. இரண்டையும் ஒரே அளவுகோலால் நிறுத்துவிடக் கூடாது. அங்கும் கோழியை அறுத்தது யார் என்ற கேள்வி நிற்கிறது. ‘தாவரக் கொலாஜன்’ என்று வந்தால் சிரித்துவிட்டு நகருங்கள். தாவரங்களில் கொலாஜன் கிடையாது.

இவ்வளவுக்கும் பிறகு பலன்? சிலருக்கு வலி ஓரளவு குறைந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன, அவற்றில் பலவற்றுக்குச் செலவழித்தவர்கள் உற்பத்தியாளர்களே. உடைத்த கொலாஜன் மூட்டுகளைப் பேணுகிறது என்ற கூற்றுக்கு ஆதாரம் போதாது என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2011 இல் முடிவு சொன்னது. தேய்ந்த குருத்தெலும்பு இதனால் மீண்டும் முளைக்கும் என்று எந்த வியாபாரியும் சொல்ல வேண்டாம். உடல் எடையைக் குறைப்பதும் தொடைத் தசைக்குரிய பயிற்சியும் முழங்காலுக்கு இதைவிட நிச்சயமான வைத்தியம். அவற்றை நாம் விற்க முடியாது என்பதால் சொல்லாமல் விடுகிறோம். மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் டொக்டரிடம் அனுப்புங்கள். சிறுநீரக நோயாளி கேட்டாலும் அப்படியே. மீன் ஒவ்வாதவருக்கு மீன் கொலாஜன் கொடுக்க வேண்டாம்.

நான் இப்போது வைத்திருப்பது மீன் தூள் ஒன்று மட்டும். சான்றிதழின் பிரதி கல்லாவுக்குப் பின்னால் ஒட்டப்பட்டிருக்கிறது. இலாபம் பழைய போத்தலில் பாதியும் இல்லை. ஹாஜியாரிடம் போய்க் காட்டினேன். வாசித்துப் பார்த்தவர், ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொடுத்த பயிற்சியை முதலில் செய்து பார்ப்பதாகச் சொன்னார். நான் வற்புறுத்தவில்லை.

பழைய பெட்டி பின்னறையில் கிடக்கிறது. சான்றிதழ் அனுப்புவதாகச் சொன்ன முகவர் எனது தொலைபேசி அழைப்பை எடுப்பதில்லை.